ஒரே டீம், இரண்டு கரை

எங்கள் ஊரில் கோல் விழுந்தால் பாதிச் சத்தம்தான் கேட்கும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே அதைக் கேட்பாள். மைதானத்துக்கு மேற்கே, கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பக்கத்திலிருந்து இரைச்சல் எழுந்தால் கோல் போட்டவன் செல்வம். கிழக்கே ஏரிக்கரையிலிருந்து எழுந்தால் ராசேந்திரன். இருவரும் ஒரே டீம்தான், ஒரே பச்சை பனியன்தான். ஆனாலும் ஒரு கரை தொண்டை கிழியக் கத்தும்போது மறு கரை வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

எறையூரை ஒட்டிய எங்கள் ஊரில் "இளந்தென்றல்" என்றொரு கால்பந்துக் குழு இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கிரிக்கெட் மட்டையோடு அலைந்த காலத்தில் எங்களூர் மட்டும் பந்தை உதைத்ததற்குக் காரணம், சர்க்கரை ஆலைக்கு வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய பிள்ளை செல்வம். ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்ட உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளை ராசேந்திரன். "பந்தக் கொண்டாந்தது யாரு?" என்று ஒரு கரை கேட்கும்; "கிரவுண்டுக்கு எடம் வுட்டது யாரு?" என்று மறு கரை கேட்கும். செல்வம் கோல் போட்டால், "பாஸ் குடுத்தவன் எங்காளு" என்பார்கள் ஏரிக்கரைக்காரர்கள். ராசேந்திரன் போட்டால், "அது தானா உருண்டு போன பந்து" என்பார்கள் ஆலைக்கரைக்காரர்கள். எதிர் டீமைத் திட்ட எங்களூரில் யாருக்கும் நேரமே இருந்ததில்லை.

என் அப்பா ஆலைக்கரை. அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்கு வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அந்தப் பெண்ணின் அண்ணன், அதாவது என் தாய்மாமன், ஏரிக்கரை. ஆகவே எங்கள் வீட்டில் கோல் என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. மேற்கே சத்தம் கேட்ட நாளில் அப்பா சிரித்துக்கொண்டு வருவார்; மாமா இரண்டு நாள் எட்டிப் பார்க்க மாட்டார். கிழக்கே கேட்டால் மாமா வலிய வந்து காபி கேட்பார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் பாதி முகம் சுளிக்கிற வீட்டில்தான் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் கடுக்கன் செய்யக் கொடுத்து, எடுத்துவந்து காட்டியும் விட்டார். அதற்குள் பெரம்பலூரில் ஒரு போட்டி வந்து தொலைந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதியது அப்பாவின் சொந்த ஊர்ப் பக்கமான திருமழபாடி டீம். அப்பா என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போயிருந்தார்; மாமாவும் ஏரிக்கரை ஆட்களோடு வந்திருந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. ஒரு பக்கம் "செல்வம், நீ அடி!" என்று கூச்சல் எழுந்தது, மறுபக்கம் "ராசேந்திரா, வுட்றாத!" என்று எழுந்தது. இரண்டு பேரும் பந்தின் மேல் கை வைத்தபடி குனிந்து நிற்க, கேப்டன் யாரைப் பகைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்துவிட்டு, அந்தக் கோடியில் நின்ற கோல்கீப்பர் சூசையைக் கூப்பிட்டார். பாவம், அவன் ஓடி வந்த வேகத்தில் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய் மதிலைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. தோற்றோம்.

பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் எதிர் டீமின் பெரிய ரசிகரான ராமலிங்கம். அப்பாவுக்குத் தூரத்து உறவில் மச்சான் முறை. "ஏங்க, உங்களத் தோக்கடிக்க நாங்க எதுக்குங்க?" என்று அவர் கேட்டபோது நியாயமாக எல்லோரும் சிரித்திருக்க வேண்டும். மாமா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "மாப்ளைக்கு என்ன, பொழைக்க வந்தவரு. கப்பு எந்த ஊருக்குப் போனா அவருக்கென்ன?" என்றார்.

அப்பா டீயைக் கீழே ஊற்றினார். அதன் பிறகு ஒரே பஸ்ஸில் ஏறுவது கேவலம் என்று ஏரிக்கரைக்காரர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்கள்.

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "ஒரு பந்துக்காவ யாராச்சும் பொறந்த வூட்டு ஒறவ அறுப்பாங்களா?" என்று கேட்டாள். "பந்து இல்லடி, அவன் சொன்ன வார்த்த" என்றார் அப்பா. அந்த வார்த்தை வலித்திருக்கும் என்பது இன்று எனக்குப் புரிகிறது. ஆனால் வலித்தவர் அதைத் தூக்கி அம்மாவின் தலையில் வைத்ததுதான் இன்றுவரை புரியவில்லை. காதுகுத்தைத் திருமழபாடிக் கோயிலில் வைத்துக்கொள்வதென்றும், மடிக்கு ராமலிங்கம் போதுமென்றும் அவரே முடிவு செய்தார். "அவரும் மாமன் முறைதான்" என்றார். அம்மா அண்ணிக்கு மட்டும் ரகசியமாகத் தகவல் சொல்லி அனுப்பினாள்.

காதுகுத்தன்று கோயிலில் அம்மா கொள்ளிடக்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். தம்பி ராமலிங்கத்தின் மடியில் உட்கார்ந்தான், பத்தர் ஒரு காதைக் குத்தினார், அவன் வீறிட்டான். அந்த நேரம் பார்த்து, பெரம்பலூரிலும் அரியலூரிலும் பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்துப் போன மாமா சீர்த்தட்டோடு வந்து நின்றார்.

ராமலிங்கம் சட்டென்று எழுந்துவிட்டார். "வாங்க, வாங்க. இன்னொரு காது இருக்கு. உங்க மடியிலயே ஆவட்டும்" என்று பிள்ளையை நீட்டினார். எதிர் டீம்காரருக்கு இருந்த மனசு அது. அப்பா ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார். ஒரு வார்த்தை, "வாங்க மச்சான்" என்ற ஒரே வார்த்தை போதும். அது வரவில்லை. மாமா தட்டை அம்மாவின் காலடியில் வைத்தார்.

"காதுக்கு ஒரு மாமனா?" என்றார். திரும்பி நடந்தார். அம்மா அவர் பின்னால் நாலு எட்டு வைத்தாள். பிள்ளை அழுகிற சத்தத்தில் நின்றுவிட்டாள்.

வருஷக்கணக்கில் பேச்சில்லை. பிறகு ஒரு துக்க வீட்டில் யாரோ இருவரையும் பக்கத்தில் உட்கார வைக்க, பேச்சு வந்துவிட்டது. எதற்காக அத்தனை வருஷம் என்று நினைத்தால் எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. இளந்தென்றல் கலைந்து வெகுநாளாகிறது. மைதானத்தில் மனைக்கல் நட்டு, பாதி இடத்தில் வீடு எழும்பிவிட்டது. செல்வம் எங்கே இருக்கிறான் என்று ஆலைக்கரையில் ஒருவருக்கும் தெரியாது.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது மாமா வந்திருந்தார். தம்பி ஏதோ வெளிநாட்டு ஆட்டத்தை டிவியில் போட்டிருந்தான். பெனால்டி ஒன்று வந்தது.

"ஏன் மாப்ள, அன்னைக்குப் பெரம்பலூர்ல அடிச்சது செல்வமா, ராசேந்திரனா?" என்று மாமா கேட்டார்.

அப்பா யோசித்தார். "ராசேந்திரன்தான... இல்ல, செல்வமோ? மறந்துபோச்சு மச்சான்." இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"சூசை" என்றாள். "கோல்கீப்பர் பையன். கம்பத்துக்கு மேல அடிச்சான்."

வாழ்நாளில் ஒரு நாள்கூட அவள் மைதானத்துக்குப் போனதில்லை.