என் சர்க்கரைக்கு அம்மாவின் விரல்

பதினேழு வயதில் தாவணி கட்டிக்கொண்டு, தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகளுக்கு நடுவே வெளியூர்க் குழந்தை டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அதே பெஞ்சு, சுவரில் அதே முயல் படம். டாக்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுப்பார். எனக்கு மட்டும் கன்னத்தில் ஒரு தட்டு. "பாப்பா ஒழுங்கா சாப்பிடுதாளா?" என்று அம்மாவிடம் கேட்பார். பாப்பா அவரைவிட அரையடி உயரம். பதில் சொல்வது அம்மா. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவதும் அம்மா. நோய் மட்டும்தான் என்னுடையது. நிர்வாகம் முழுக்க அவளுடையது.

இந்த ஏற்பாடு எனக்குப் பேரன் பிறக்கும்வரைகூட ஓடியிருக்கும். ஒருநாள் பக்கத்திலிருந்த பெண் என்னைப் பார்த்து, "ஒனக்கு எத்தன மாசப் பிள்ளம்மா?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. உள்ளே போனதும், "பெரியவங்க டாக்டருக்கு எழுதிக் குடுத்திருங்க சார்" என்றாள். அவரும் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுத் தந்தார். அப்போது ஒரு மாதமாக நான் இளைத்துக்கொண்டே வந்தேன், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். ஊசி மருந்தின் அளவைக் கூட்டியே ஆகவேண்டும், இனி அதைப் புது டாக்டர்தான் பார்க்கவேண்டும், தாமதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்களுக்கு விக்கிரமசிங்கபுரம். அங்கே டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அம்மா இந்த ரகசியத்தைக் காத்ததில் பாதி அக்கறையோடு எங்கள் முன்னோர்கள் வயலைக் காத்திருந்தால், அப்பா ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்ட வேண்டியிருந்திருக்காது.

ஆகவே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். ஊருக்குத் தெரியாமலிருக்க ஒன்றரை மணி நேரப் பயணம். போய் உட்கார்ந்தால், எதிர் நாற்காலியில் எங்கள் தெரு போஸ்ட்மாஸ்டர் சம்சாரம். தெருவில் பாதிக் கல்யாணங்கள் அவள் வாயால் கூடியவை; மீதி அவள் வாயால் கலைந்தவை.

"என்ன மதினி, இங்கன? யாருக்குச் சொகமில்ல?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்குத்தான். சுகர் இருக்கும்னு சொல்லுதாவ. இவ சும்மா தொணைக்கு வந்தா."

சீட்டு அம்மா பெயரில் போடப்பட்டது. ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததும் அம்மா தன் விரலை நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். "ஏட்டி, சும்மா இரு" என்று தொடையில் ஒரு கிள்ளு.

உள்ளே போய் டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். பெரியவர்கள் டாக்டரின் வழக்கமோ வேறு. நேரம் மிச்சம் என்று அடுத்த மூன்று பேரை அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். ஒருவருடைய மூலக் கடுப்பை மற்றவர்கள் இலவசமாகக் கேட்கலாம். பெஞ்சின் முதல் ஆள் போஸ்ட்மாஸ்டர் சம்சாரம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஒங்களுக்குச் சர்க்கரையே இல்லம்மா. எவன் சொன்னான்?"

"இல்ல சார், இன்சுலின் போட்டுக்கிட்டிருக்கேன். அளவக் கொஞ்சம் கூட்டி எழுதினா..."

"இன்சுலினா? இன்னைக்கே நிப்பாட்டுங்க. ஆள் போயிருவீங்க."

"சரி சார்" என்று அம்மா எழுந்தாள். நிஜமாகவே எழுந்துவிட்டாள். நான் செத்தாலும் நல்ல பெயரோடு சாவேன் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் பையில் கைவிட்டுக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"சுகர் எனக்கு சார். அம்மாவுக்கு இல்ல."

போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலையில எத்தன யூனிட் போடுத?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம், தினம் இரண்டு ஊசி. தனிம அட்டவணை தலைகீழாகத் தெரியும், என் மருந்தின் அளவு தெரியாது. சபையில் வீரமாக முழங்கிய நான், அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"காலையில இருபது, ராத்திரி பத்து" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் அவகிட்டதாம்மா கேட்டேன்" என்றார் டாக்டர். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. புது அளவை என் கையாலேயே எழுதச் சொன்னார். நாளையிலிருந்து ஊசியும் நானே போட்டுக்கொள்ளவேண்டும் என்றார்.

நாங்கள் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அடுத்த பஸ்ஸில் செய்தி ஊர் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை, வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடி ஊசியை அம்மா என் கையில் கொடுத்தாள். மருந்தை இழுத்துத் தொடையில் வைத்தேன். ஆறு வருஷமும் வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே என்னைக் குத்தியவள், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்:

"பைய குத்துட்டி. வலிக்கும்."