கடல் இறங்கிய மாசி மகம்

ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் கடைசிப் பத்து நிமிடம் என்னுடையது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஏதாவது ஓர் அதிசயத்தை எடுத்துவிடுவேன். மிளகாய்ச் சம்பலில் போட்டுத் தின்கிற கணவாய் மீனுக்கு மூன்று இதயம் என்று சொன்ன அன்று, வகுப்பே "ஐயோ!" என்று கத்தியது. எனக்கு அந்த "ஐயோ" வேண்டும். அதற்காகவே பாடத்தை அவசர அவசரமாக முடிப்பேன்.

அப்படித்தான் சுனாமிக் கதையும் வந்தது. தாய்லாந்துக் கடற்கரையில் கடல் திடீரென்று உள்வாங்கியதைப் பார்த்தாள் ஒரு வெளிநாட்டுச் சிறுமி. வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து அவள் பெற்றோரிடம் கத்த, அங்கிருந்த எல்லாரும் தப்பினார்கள். சொல்லி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். வாயைத் திறந்தால் மூடாத பிள்ளை அது.

"நாம கத்துனா பெரியவங்க கேப்பாங்களா டீச்சர்?"

"ஏன் கேக்க மாட்டாங்க? நீ கத்து" என்றேன், பெரிய இவளாட்டம்.

அதற்கடுத்த வாரம் மாசி மகம். பினாங்கின் தெலுக் பாஹாங் கடற்கரையில் அம்மன் தெப்பம் ஏறும். இருட்டத் தொடங்கும்போது நாங்கள் சின்னச் சின்ன விளக்குகளைக் கடலில் மிதக்க விடுவோம். நானும் என் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பௌர்ணமி நாள் என்பதால் அந்தி நேரத்துத் தண்ணீர் வெகுதூரம் இறங்கிக் கிடந்தது. விளக்கு விட வந்தவர்கள் சேற்று மணலில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்க வேண்டியிருந்தது.

திடீரென்று ஒரு குரல். "ஓடுங்க! கடல் உள்ள போயிருச்சு! ஓடுங்க!"

அவள்தான். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் அம்மாவின் முந்தானை. மேளம் நின்றது. யாரோ தட்டைப் போட்டுவிட்டு ஓட, அவரைப் பார்த்து நாலு பேர் ஓட, ஒரே களேபரம். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? மகனை இழுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினேன். தண்ணீர் ஏன் இறங்கும் என்று வருடா வருடம் படம் போட்டு விளக்குகிறவள், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினேன்.

பிறகு அவள் சித்தப்பா ஒருவர் சிரித்த சிரிப்பு சாலைவரை கேட்டது. "ஆயர் சூருட் லா, மக்கு! தண்ணி வத்துறதுகூடத் தெரியல, பெருசா கத்த வந்துட்டா!" கூட்டமே சிரித்தது. அவள் அழவில்லை. விளக்கை ஊதி அணைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைக் கண்டாலே "சுனாமி வருது, சுனாமி வருது" என்றார்கள். இரண்டு பேரைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். பலனில்லை. அவள் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். நான் பெயர் சொல்லிக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க வந்திருக்கிறாராம். போச்சுடா என்று நினைத்தேன். புகார் கொடுக்கப் போகிறார், தலைமையாசிரியை கதைக்கே தடை போடப் போகிறார். ஒரு தாளில் நிலா, பூமி, சூரியன் மூன்றையும் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை முடிந்து, சீருடையோடே வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் நான் ஆரம்பித்துவிட்டேன். பௌர்ணமியில் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும், இழுப்பு கூடும், கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுனாமி வந்த அன்னிக்கும் பௌர்ணமிதான் டீச்சர்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க அண்ணன் இதயேதான் சொன்னாரு. நாங்க எல்லாம் பீச்சுல பிக்னிக். மத்தியானம் தண்ணி சடார்னு உள்ள போச்சு. 'பௌர்ணமிலா, அதான் இறங்கியிருக்கு'ன்னு சிரிச்சிக்கிட்டே மீன் பொறுக்கப் போனாரு. எனக்கு என்னமோ சரியில்லன்னு பட்டுச்சு. சிரிப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன். அவரு திரும்பி வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவகிட்ட மாமா கதய இன்னும் சொல்லல. நேத்து சொல்றா, இனிமே என்ன நடந்தாலும் வாயத் தொறக்க மாட்டேம்மான்னு. எனக்குப் பயமாயிருச்சு டீச்சர். அதான் வந்தேன். நீங்க சொன்னாதான் கேப்பா."

அவர் போன பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமி மத்தியானம் என்றால் பினாங்குக் கரையில் தண்ணீர் ஏறி நிற்க வேண்டிய நேரம். இறங்கவே கூடாத நேரத்தில், நிமிடக் கணக்கில் இறங்கியிருக்கிறது. அந்த அண்ணனுக்கு நிலா தெரிந்திருந்தது, நேரம் தெரியவில்லை. என் படத்திலும் நேரம் இல்லை.

மறுநாள் பத்து நிமிடம் போதவில்லை, பாடம் முழுக்க எடுத்துக்கொண்டேன். வற்றும் கடல் மெதுவாக, மணிக்கணக்கில் இறங்கும். சுனாமிக்கு முன்னால் இறங்கும் கடல் விறுவிறுவென்று ஓடும். எல்லாம் சொன்னேன். சாலைக்கு ஓடி வந்து செருப்பைத் தொலைத்த கதையையும் சொன்னேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து முன்வரிசையில் பாதிக் கை உயர்ந்தது.

"மெதுவாவா வேகமாவான்னு தெரியலன்னா டீச்சர்?"

"ஓடு. கத்திக்கிட்டே ஓடு."

"அப்புறம் சும்மா தண்ணி வத்துனதுன்னா? எல்லாரும் சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும்லா" என்றேன். "சிரிக்கிறதுக்கு எல்லாரும் இருப்பாங்கல்ல."