தொண்ணூற்றாறு வயது கங்கையம்மாள்

2005இல் பொழிச்சலூரில் ஒரு தெருவின் நலச் சங்கம் உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. கங்கையம்மாளின் அட்டையில் வயது 96 என்று இருந்தது. உண்மையில் அவளுக்கு 69. அச்சகத்தில் எண்களை இடம் மாற்றிக் கோத்துவிட்டார்கள்.

"மாத்தித் தரச் சொல்றேம்மா," என்றான் மகன் லோகநாதன். "எனக்கு நாப்பத்தாறு ஆவுது. இத்தப் பாத்தா, நீ அம்பது வயசுல என்னப் பெத்தா மாதிரி கீது."

அதுவரை அறுபத்தொன்பதே அவளுக்குப் பாரமாக இருந்தது. வாராவாரம் தலைக்குச் சாயம் பூசுவாள். முட்டி வலித்தால், "அவ்ளோதான், நம்ம கதை முடிஞ்சுது," என்பாள். அன்று கண்ணாடி முன் போய்த் தன்னைத் தொண்ணூற்றாறு வயதுக்காரியாகப் பார்த்தாள். முதுகு கூனவில்லை. பல் இருபத்திரண்டு மிச்சம் இருந்தது.

"இன்னாத்துக்குடா மாத்தணும்? தொண்ணூத்தாறுக்கு நான் ஷோக்கா கீறேன்."

மறுநாளே சாயம் நின்றது. பம்மலுக்குக் காய் வாங்க ஷேர் ஆட்டோவில் போய்வந்தவள் இப்போது நடந்தே போனாள். எதிரில் வருகிறவர்களிடம் தானாகவே அட்டையை நீட்டினாள். அவர்கள் வாய் பிளந்தார்கள்.

பேஜாரானவள் அடுத்த தெருவிலிருந்த அக்கா ரேணுகாம்பாள்தான். அவளுக்கு எழுபத்திரண்டு. "இனிமே நான் இவ கால்ல வுழுந்து கும்புடணுமா?" என்று கேட்டுவிட்டுத் தங்கையோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

சங்கத்தின் ஆண்டு விழாவில் மிக மூத்த உறுப்பினருக்குப் பொன்னாடை என்று சொல்லி, செயலாளர் ஸ்ரீரங்கன் கங்கையம்மாளை மேடைக்கு அழைத்தார். "நீண்ட ஆயுளோட ரகசியத்தைச் சொல்லுங்கம்மா," என்று மைக்கை நீட்டினார்.

கூட்டத்தில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது. கங்கையம்மாளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"ரகசியம் ஒண்ணும் இல்ல சார். நம்பரத் திருப்பிப் போட்டுட்டாங்க. எனக்கு அறுபத்தொம்போதுதான். அதோ குந்திகினு கீறாங்களே, அவங்க எனக்கு மூத்தவங்க."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் ஸ்ரீரங்கன் அவசரமாகப் பட்டியலைப் புரட்டி அடுத்த பெயரை வாசித்தார்: லாசரஸ், எண்பத்து நான்கு. வாக்கிங் வரும் நண்பர்களிடம் எழுபது என்றே சொல்லிவந்தவர் அவர். "என் மானத்த வாங்கிட்டியேம்மா," என்று முனகியபடி பொன்னாடைக்குத் தலை குனிந்தார்.

வீடு திரும்பும்போது ரேணுகாம்பாள் தானாக வந்து சேர்ந்துகொண்டாள்.

"நாலு மாசம் தொண்ணூத்தாறா இருந்து பாத்துட்டேன்கா," என்றாள் கங்கையம்மாள். "பயப்பட ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் கீது. நீயும் ஒரு தபா இருந்து பாரு."

"எனக்கு எழுவத்திரெண்டே போதும்," என்றாள் அக்கா. "நீ கொஞ்சம் மெதுவா நட."