ஈச்சமரத்துக்குள் கேட்ட சத்தம்

கோத்தா திங்கியில் புதிதாகக் கட்டுகிற தாமான் குடியிருப்புகளின் நுழைவாயிலில் அழகுக்கு ஈச்சமரம் நட்டுக் கொடுப்பதுதான் அப்பாவின் கான்ட்ராக்ட் வேலை. அந்த ஜாதி மரத்தில் தின்ன லாயக்கான பழம் காய்க்காது, கிட்டே போனால் முள் கிழிக்கும், ஆனாலும் பார்க்க ஜம்மென்று நிற்கும். அப்படி நட்டு மிஞ்சிய ஒன்றை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் மூலைவீட்டு முன்னால் வைத்தார். ஊரார் வாசலையெல்லாம் ஜோடிக்கிறவன் வீடு மொட்டையாக இருக்கலாமா என்று அவருக்கு ஒரு ரோஷம்.

அந்த வருஷம்தான் எனக்குத் தம்பி பிறந்தான். பிறந்தான் என்று சொல்லலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அப்பா ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இடுகாட்டுக்குப் போனார். அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் இந்தச் சங்கதி அம்மாவின் மாருக்கு எட்டவில்லை, பால் கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துவீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பீய்ச்சுற பால லோங்காங் சாக்கடையோட போக விட்றாதீங்க. கால் படற எடத்துலயும் ஊத்தக்கூடாது. மரத்தடியில ஊத்துங்க," என்றார்.

எங்களிடம் இருந்த மரம் அது ஒன்றுதான். காலையும் சாயங்காலமும் அம்மா பாலைப் பீய்ச்சி டம்ளரில் எடுத்துவந்து, முள்ளுக்குள் கைவிட்டு அதன் அடியில் ஊற்றுவார். பால் வற்றிய பிறகும் அந்த நேரத்துக்கு அங்கே போய் நிற்பதை மட்டும் விடவில்லை.

சில மாதம் போயிருக்கும். ஒருநாள் பள்ளிவிட்டு வந்த என்னைக் கூப்பிட்டு, தண்டில் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே யாரோ மெல்லுகிற சத்தம். கரக், கரக் என்று அவசரமே இல்லாமல் மென்று, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மென்றது. பயந்துபோய்க் காதை எடுத்துக்கொண்டேன்.

"கேட்டுச்சா? பசி அவனுக்கு," என்றார் அம்மா.

சொல்லும்போது சிரித்தார். தம்பி போனதிலிருந்து அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வாசலே வீடு என்றாகிவிட்டது. நாற்காலியை மரத்தடியில் போட்டுக்கொண்டு தண்டில் கன்னத்தைச் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்னைக்கூட உள்ளே சத்தம் போடாமல் நடக்கச் சொல்வார். தண்டிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து புளித்த வாடை அடித்தது. குழந்தை பால் கக்கின வாசம் என்று அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார். நடுக்குருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சித்திக்குப் போன் போட்டார்.

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவர். காஹாங் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஈச்சமரத்துப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் வண்டுப் பேச்சில் கொண்டுபோய் முடிப்பார். இந்த முறை வந்தவர் நேரே மரத்தடிக்குப் போனார். தண்டில் சின்னதாகத் துளை போட்டு, வயர் கோத்த ஒரு கம்பியைச் செருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அக்கா, இது கூன்வண்டோட புழு. மட்டை வெட்டுன காயத்துல வண்டு முட்டை வச்சிருக்கு. உள்ள பூரா தின்னுருச்சு, மரம் எப்ப வேணும்னாலும் விழும். விட்டா பக்கத்துக் கம்பத்து ஊர்த் தென்னைக்கெல்லாம் பரவிரும்."

"நான் பால் ஊத்துனதாலயா?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார் சித்தி. ஆனால் அம்மாவின் முகம் செத்தது அந்த வார்த்தையில்தான். அப்பா அறுக்கிற மிஷினை எடுத்து வரவும், அம்மா முள்ளைக்கூடப் பார்க்காமல் மரத்தைக் கட்டிக்கொண்டார். கையெல்லாம் ரத்தம். அப்பா இழுக்கிறார், அம்மா விடுவதாக இல்லை. அம்மாவையும் மரம் உள்ளே இழுத்துக்கொள்ளப் போகிறது என்று நான் அலறினேன்.

சித்தி என்ன நினைத்தாரோ, ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் மாட்டிவிட்டார். அம்மா கேட்டார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கை தானாகத் தளர்ந்தது.

"ஒருத்தன் இல்ல," என்றார். "நெறைய பேரு."

பிறகு தானே ஒதுங்கி வழிவிட்டார்.

மரத்தை அறுத்துப் பிளந்தபோது உள்ளே தண்டென்று ஒன்றும் மிச்சமில்லை. ஈரச் சக்கைக்குள் காலில்லாத கொழுத்த வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நிலையத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று சித்தி சிலதைப் பொறுக்கி, மூடியில் துளையிட்ட டப்பாவில் போட்டார். மிச்சத்தை அப்பா கொளுத்தப் போனார். அம்மா வந்து டப்பாவின் பக்கத்தில் குந்தினார்.

"அங்க இதுங்களுக்கு என்ன குடுப்ப?"

"கரும்புத் துண்டுக்கா. துளை போட்டு உள்ள விட்டா தின்னும்."

"வேளைக்குக் குடுத்துருவியா? இதுங்களுக்கு அழத் தெரியாதே."

குடுத்துருவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வண்டைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாத சித்தி, இந்தச் சின்னக் கேள்விக்கு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏன் அப்படி அழுதார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை.