பேபி சித்திக்குத் துணை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நெத்தோலி மீன் ஆய்ந்தது. கீமோவுக்குப் பிறகு அம்மாவின் விரல்நுனிகள் மரத்துப் போயிருந்தன. ஆனாலும் என்னைவிட வேகம்.

“வாலைக் கிள்ளுதான் பாரு. இஞ்சினியருக்குத் தலை எதுன்னு தெரியல்ல.”

எதிரே உட்கார்ந்திருந்த பேபி சித்தி சிரித்தாள். அம்மாவின் ஒரே தங்கை. அம்மா உடனே அவள் பக்கம் திரும்பினாள்.

“சிரிச்சது போதும். வெள்ளிக்கிழமை குழாய் போட்டுக் குடலைப் பாக்க வாறியா, இல்லியா?”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாதப்போதான் பாக்கணும், ஏட்டி.”

“வலி உண்டுமா, ரத்தம் உண்டுமா? பொறவு எதுக்கு?”

“நான் கூட வாறேன். நீ வெளிய வாறது வரை வாசல்லேயே இருப்பேன்.”

சித்தி ஒரு மீனை ஆய்ந்து முடித்தாள். “நீ வந்தா வாறேன்.”

அம்மாவின் பெயர் சகாயசெல்வி. ஊர் இனயம். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, மீன் சருவத்தைத் தலையில் தூக்கி, பஸ் ஏறி, உள்நாட்டு ஊர்களில் ரோட்டோரம் உட்கார்ந்து விற்றவள். சித்தியும் அவளோடுதான் விற்றாள். போகும் இடத்தில் கக்கூஸ் கிடையாது. அதனால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கல் எல்லோருக்கும் இருந்தது. சிலருக்கு ரத்தமும் போனது.

அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சூடு. நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்தால், தார் ரோட்டின் சூடு உடம்பில் ஏறி ரத்தமாக இறங்கும் என்று மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். மருந்து, அக்கானி என்கிற பதநீரும் பழங்கஞ்சியும். நின்றுவிட்டால் சூடு தணிந்தது என்று பொருள்.

அம்மாவுக்கும் ரத்தம் போனது, நின்றது. பிறகு வந்தது. மறுபடி நின்றது. குடலில் உள்ள கட்டி தினமும் ரத்தம் விடுவதில்லை. கத்தாரில் எண்ணெய்க் குழாய்களைச் சோதிப்பது என் வேலை. விட்டு விட்டு வரும் கசிவுதான் ஆளை அதிகம் ஏமாற்றும். நிற்கும் ஒவ்வொரு முறையும், கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பெயர் கிடைத்துவிடும்.

சருவத்தைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் போயிருந்தது. டாக்டர் ஒன்றைச் சொன்னார்: கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், இதே குழாய் போட்டுக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் சின்ன முளையாகத் தொடங்கி, பல வருடங்கள் எடுத்துத்தான் புற்றாகும். சோதனையின்போதே முளையை எடுத்துவிடலாம்.

அம்மா முதலில் என்னை அனுப்பினாள். ஒரு முளை இருந்தது, எடுத்தார்கள். மயக்க மருந்து தந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் பேதி மருந்து குடித்ததுதான் கஷ்டம்.

“இவனைப் பாரு ஏட்டி, எழும்புன ஒடனே சாயா கேட்டான்” என்று சித்தியிடம் காட்டினாள், சந்தையில் மீனின் செவுளைத் திறந்து காட்டுவது போல.

அன்பியக் கூட்டத்திலும் பேசினாள். தெருவில் உள்ள குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அது முடிந்ததும், வெளிக்குப் போகும்போது யாருக்கெல்லாம் ரத்தம் போகுது என்று சத்தமாகக் கேட்டாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“செபம் சொன்ன வாயால பேசுற பேச்சா இது?” என்றாள் ஒருத்தி.

“பொறவு எப்போ பேசணும்? என் அடக்கத்துக்கு வரும்போதா?”

சிரிப்பு நின்றது. கலையும்போது ஒருத்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, தனியாகப் பேசினாள்.

நெத்தோலி ஆய்ந்த அன்று இரவே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள், குழாய் போட்டதில் காற்றுப் பட்டுத்தான் நோய் பரவியது என்று பேசிக்கொண்டார்கள். பேபி சித்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“சருவம் சுமந்து நடந்தவதானே, மக்கா? குழாய் போட்ட பொறவுதானே படுத்தா?”

“சித்தி, குழாய் போட்ட அன்னைக்கே ஈரல்ல இருந்தது. ஸ்கேன்ல கண்டதல்லா. குழாய் போட்டு வந்ததில்ல. இருந்ததைக் காட்டிச்சு.”

“அப்போ எனக்கும் இருந்தா?”

இத்தனை மாதமும் அவள் சொல்லாமல் இருந்தது இதுதான்.

“இருந்தாலும் சின்னதா இருக்கும்போதே எடுத்திரலாம். எனக்கு எடுத்தாவல்லா.”

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “வாறேன்னு சொன்னாளே, ஜெரிஷ். கூட வாறேன்னு சொன்னாளே.”

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். லீவை நீட்டியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கு நாள் கிடைத்திருக்கிறது. சொல்லப் போனபோது சித்தி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கி முடித்து, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அந்தப் பேதி மருந்தைச் சுடுதண்ணியிலயா கலக்கணும், பச்சத்தண்ணியிலயா?” என்று கேட்டாள்.

பச்சைத் தண்ணீர் என்றேன்.

சித்தியைக் கூட்டிப் போவது அம்மாவின் வேலை. இன்னும் முடியவில்லை.