வாங்கி வந்த பிட்சர்

நாங்கள் மூன்று கோடைகாலமாக சொசேஜ் பொரித்து விற்றுச் சேர்த்த காசில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெடியனுக்கு விமானச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது 2012 செப்டெம்பரில், எங்கள் பேஸ்போல் கழகத்தின் பொதுக்கூட்டத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. தலைவர் அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த என் மகள் தட்டவில்லை. "அப்ப எங்கட கதி?" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் ஆங்கிலத்தை விட்டு இறங்காத பிள்ளை அன்றைக்குத் தமிழில் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மெல்பேர்னில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்பதே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் அந்த நகரின் கிளென் வேவர்லிப் பகுதிக்கு வந்தது நல்ல பள்ளிக்கூடத்துக்காக. அங்கே வீடு வாங்குகிற எல்லாரும் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். மகளை நடன வகுப்பில் சேர்த்தேன், ஒரு வருடத்தில் நின்றுவிட்டாள். 2009இல் பதின்மூன்று வயதில் வகுப்புத் தோழியோடு பேஸ்போல் பயிற்சிக்குப் போய், காற்சட்டை முழுக்கச் செம்மண்ணோடு வீடு திரும்பினாள். அதன்பிறகு அந்த வீட்டில் வேறு கதையில்லை.

அப்போது அந்தக் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் அணி சேர்வதே பாடாக இருந்தது. தலைவர் வீடு விற்கும் தொழில் செய்கிறவர். ஆளை மடக்கிப் பேச அவரிடம் படிக்கவேண்டும். பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு வைத்து, பெரியவர்களின் முதல் அணிக்கு வெளியிலிருந்து ஆள் தேடிக் காசைக் கொட்டுகிற வேலை இனி வேண்டாம், இந்தப் பிள்ளைகளை நாமே வளர்ப்போம், மூன்று வருடத்தில் முதல் அணி முழுக்க இவர்கள்தான் நிற்பார்கள் என்றார். நாங்கள் நம்பினோம். நான் நம்பினேன் என்றால் சாதாரணமாக நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமை வேலைக்குக் கூடச் சம்பளம் தருவார்கள். அந்தச் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்துவிட்டுக் கழகத்தின் கன்ரீனில் நின்றேன். ஒரு சீனத் தாயும் ஒரு வியட்நாமியத் தாயும் நானுமாக வெங்காயம் நறுக்கினோம், சீருடை தோய்த்தோம், வான் வண்டியில் பிள்ளைகளை ஏற்றி ஜீலோங் வரைக்கும் கொண்டுபோனோம். பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பந்தைக் கண்டு முகத்தைத் திருப்பியவர்கள் பந்துக்குக் குறுக்கே விழத் தொடங்கினார்கள்.

2012 தொடக்கத்தில் எங்களோடு இன்னொருவன் சேர்ந்தான். இலங்கையிலிருந்து வள்ளத்தில் கடல் கடந்து வந்து, அகதிகளைத் தடுத்துவைக்கிற முகாமில் ஒன்றரை வருடம் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவன். இருபத்துநாலு வயது. டண்டினோங்கில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்துகொண்டு விடியற்காலையில் மரக்கறி பொதி செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போய்வந்தான். கோயிலில் என் கணவருக்குப் பழக்கமானவன். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் சும்மா கிடந்தால் யோசனைதான் வரும் என்று சொன்னதால் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான். "அக்கா, இது எங்கட எல்லே மாதிரியெல்லோ?"

எல்லே ஊரில் எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாடுவது. தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டால் அவர் அவுட். அன்றைக்கு மூன்றாம் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. இவனுக்குச் சட்டையைக் கொடுத்து மைதானத்தின் தூர ஓரத்தில் நிறுத்தினார்கள். முதல் பந்து அவனிடம் வந்தது. எடுத்தான், குறி பார்த்தான், ஓடித் தொடவேண்டிய இடங்களில் ஒன்றான இரண்டாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்த எதிரணிக்காரரின் முதுகில் விட்டான். மனிதர் அப்படியே குப்புற விழுந்தார். இவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவுட் என்று சந்தோசமாக நிற்கிறான். பேஸ்போலில் பந்தை ஆளின் மேல் எறியக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. நான் வெங்காயக் கரண்டியோடு ஓடிப்போய் நடுவருக்கு எல்லேயின் விதியை விளக்கவேண்டி வந்தது. விழுந்தவர் நல்ல மனிதர். எழும்பி முதுகைத் தடவிக்கொண்டே, "அங்கிருந்து எறிந்து என்னில் பட்டதா?" என்று தூரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தூரம் எல்லாருக்கும் மனதில் நின்றது. அவனைப் பிட்சர் ஆக்கினார்கள், அடிக்கிறவருக்குப் பந்து எறிகிற ஆளாக. மெல்பேர்னில் பேஸ்போலைக் குளிர்காலத்திலும் விளையாடுவார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க, சேற்றில், கை விறைக்க விறைக்க எறிந்தான். வேலையால் நேரே வருவான், உடுப்பில் பொதி செய்த கோவா இலை மணக்கும். எங்கள் பெரிய பிள்ளைகளும் அப்போது அவனுடைய அணியில்தான். என் மகள் இரண்டாம் பேஸில் நின்றாள். அவன் தமிழில் ஏதாவது சொல்வான், அவள் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்வாள், ஆனால் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். அந்த அணி அரையிறுதி வரை போனது. தலைவர் அவன் தோளில் தட்டி, ஒக்டோபரில் தொடங்குகிற கோடை ஆட்டங்களில் நீ முதல் அணிக்கு எறிகிறாய் என்றார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். ஆகவே அவர் அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு சொன்னது என்னிடம் எடுபடவில்லை.

இனிப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பண்ணை அணிகள் என்கிற தொழில்முறைக் கீழ் அணிகளில் விளையாடிய ஒரு பிட்சர் வருகிறார், பக்கத்துக் கழகங்களிலிருந்து நன்றாக அடிக்கிற இரண்டு பேர் வருகிறார்கள், இந்தமுறை மேல் பிரிவுக்குப் போகிறோம் என்றார் தலைவர். அதற்காகப் பிள்ளைகளின் உள்ளரங்கப் பயிற்சி இந்த வருடம் இல்லை. பெரிய பிள்ளைகள் மூன்றாம் அணியில் அனுபவம் பெறுவார்கள். அனுபவம் பெறுவார்கள் என்பது அவர் பாவித்த சொல்.

நான் எழும்பினேன். ஆங்கிலத்தில் எழும்பிப் பேசினால் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிடும். அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மூன்று வருடத்தில் இந்தப் பிள்ளைகள்தான் முதல் அணி என்றீர்கள். அந்த வருடங்கள் முடிந்துவிட்டன. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்."

"வளர்க்கிறது நல்ல விசயம்தான். ஆனால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கர் என்றால் நிச்சயம்."

"குளிர்காலம் முழுக்க எறிந்தவர் இருக்கிறாரே, அவர் தேறவில்லையா?"

"அவர் எறிவதை யாரும் தடுக்கவில்லை. மூன்றாம் அணியில் தாராளமாக எறியலாம்."

அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். அமெரிக்கருக்கு ஒரு ஃபிளாட் பார்த்தாயிற்று, ஓடுவதற்கு ஒரு கார் இருக்கிறது, விசாவுக்குக் கழகமே கடிதம் கொடுத்திருக்கிறது என்று அவர் பெருமையோடு அடுக்கினார். எனக்கு முகம் சூடேறிவிட்டது. ஏனென்றால் அந்த ஜூலையில்தான் நான் அவரிடம் போய், இந்தப் பெடியன் எங்களோடு விளையாடுகிறான், நல்ல பெடியன் என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள், அவனுடைய அகதி விண்ணப்பத்தோடு சேர்க்க வழக்கறிஞர் கேட்கிறார் என்று கேட்டிருந்தேன். விசா விவகாரங்களில் கழகம் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே எல்லார் முன்னாலும் கேட்டேன். தலைவர் தண்ணீர் குடித்தார். இது வேறு, அது வேறு என்றார். என்னோடு வெங்காயம் நறுக்கிய இரண்டு பேரும் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க எறிந்தவனிடம், முதல் அணியில் இடமில்லை என்று நான்தான் சொன்னேன். எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"விடுங்கோ அக்கா. அந்தப் பெடியன் என்னை விட நல்லா எறிவான்தானே. படிச்சு வந்தவன்."

"உனக்குக் கோபமே வரேல்லையோ?"

"என்னை விளையாட விட்டினமே, அதே பெரிசு. நான் கோவிச்சுப் பிறகு என்ன செய்யிறது?"

எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பொறுக்கவில்லை. கோபப்படுவதற்குக் கூட ஒரு விசா வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன், பேருந்தில் ஒருவர் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். ஆகவே அவனுக்கும் சேர்த்து நானே கோபப்படுவதென்று முடிவுசெய்தேன்.

ஒக்டோபரில் அமெரிக்கர் வந்தார். அவரை வெறுக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் வந்த பெடியனுக்கு இருபத்துமூன்று வயது, சாப்பாட்டுக்கு ஆலாய்ப் பறந்தான். அந்த ஃபிளாட்டில் ஒரு மெத்தையும் ஒரு கேத்திலும் தவிர ஒன்றும் இல்லை என்று மகள் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் எங்கள் பெடியனையும் சாப்பிடக் கூப்பிட்டேன். இடியப்பத்தை எப்படிப் பிரிப்பது என்று எங்கள் பெடியன் அமெரிக்கருக்குக் காட்டினான். சாப்பிட்டுக்கொண்டே அமெரிக்கர் தன் கதையைச் சொன்னார். பெரிய கழகங்கள் ஊர் ஊராகப் பண்ணை அணிகள் வைத்திருக்கும். பதினெட்டு வயதில் பெடியன்களை எடுத்து, பஸ்ஸில் ஏற்றி, இராப்பகலாக விளையாட விடும். ஆறு பேர் ஒரு ஃபிளாட்டில் நிலத்தில் படுப்பார்களாம்.

"மேலே போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அன்ரி," என்றார். என் மகளின் சிநேகிதர்களைப் பார்த்து அவரும் அப்படிக் கூப்பிடப் பழகியிருந்தார். "மற்ற நாங்கள் எல்லாம் அவர்கள் பழகுவதற்கு எதிரே நிற்கத்தான். ஒரு நாள் காரை நிறுத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. இனி வரவேண்டாம் என்று சொன்னார்கள்."

நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகளை நாமே வளர்ப்போம் என்ற பேச்சு எனக்கு அவ்வளவு நாளும் தேனாக இருந்தது. வளர்க்கிறவன் வளர்த்தபின் என்ன செய்வான் என்று நான் ஒருபோதும் கேட்டிருக்கவில்லை. பண்ணை என்று அதற்குப் பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

அதன்பிறகு இருவரும் பயிற்சி முடிந்ததும் ஓரத்தில் நின்று எறிந்துகொண்டிருப்பார்கள். பந்து வளைவதற்கு விரலை எங்கே வைப்பது என்று அமெரிக்கர் காட்டிக்கொடுத்தார். இவனையும் முதல் அணியில் வையுங்கள், நான் ஒவ்வொரு கிழமையும் முழு ஆட்டமும் எறிந்தால் கை போய்விடும் என்று தலைவரிடம் இரண்டு தடவை சொன்னதாக என் மகளிடம் சொல்லியிருக்கிறார். தலைவர் சிரித்தாராம். காசு கொடுத்து வாங்கியதை உட்கார வைப்பதா என்று கேட்டாராம்.

நவம்பரில் நாங்கள் வெளியேறினோம். நாங்கள் என்றால் எங்கள் பெரிய பிள்ளைகளில் பாதிப்பேரும் அவர்கள் பெற்றோரும் அவனும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் கழகம் ஒன்று எங்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே கன்ரீன் கூட இல்லை, ஆனால் கேட்ட கிழமையே அவனுக்குக் கடிதம் எழுதித் தந்தார்கள்.

பழைய கழகம் டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் வென்றுகொண்டே போனது. அதை மறைக்கப்போவதில்லை. ஜனவரியில் அமெரிக்கரின் முழங்கை வீங்கிவிட்டது. மடக்க முடியாத கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து விடைபெற்று அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். அடுத்த நாள் தலைவர் எனக்குப் போன் எடுத்தார். குரலில் தேன் சொட்டியது.

"உங்கள் பெடியன் இந்தச் சனிக்கிழமை முதல் அணிக்கு எறிவாரா?"

"அவர் உங்கள் கழகத்தில் இல்லை. நவம்பரிலிருந்து இல்லை."

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லவில்லையே."

இரண்டு மாதமாகியும் எங்களோடு அவனும் போனதை அந்த மனிதர் கவனிக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

அவர்கள் மேல் பிரிவுக்குப் போகவில்லை. ஆனால் தலைவராக மறுபடியும் அவரையே தெரிவுசெய்தார்கள். அவன் புதிய கழகத்தில் கோடை முடியும்வரை எறிந்தான். 2013 ஏப்ரலில் சிட்னிக்குப் போனான், ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. விசா முடிவு வரவில்லை. அங்கேயும் ஓர் அணி கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நாள் போனில் சொன்னான். "இஞ்ச ஆரையும் வெளியில இருந்து எடுக்கிறேல்லையாம் அக்கா. நான் முதலே கேட்டிட்டுத்தான் சேர்ந்தனான்." அப்படிக் கேட்கப் பழகியிருக்கிறான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வருடம் குளிர்காலத்தில் சுப்பர்மார்க்கெற்றில் பால் எடுக்கப் போனபோது தலைவரைக் கண்டேன். ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அணி சேரவில்லையாம், எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டப்போகிறார்களாம்.

"நீங்கள் அதில் கெட்டிக்காரி. திரும்பி வாருங்களேன். இந்தமுறை பிள்ளைகளை நாமே வளர்ப்போம்."

"வளர்த்துவிட்டு?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வடியும்வரைக்கும் அந்த இடத்திலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.