பேர் வைக்கப் பிந்திய செவ்வரத்தை

இறக்காமத்தில் எனக்கு வயல் இருந்தது. யானைகள் இரண்டு போகம் மிதித்துவிட்டுப் போனபின் அதை மகனிடம் விட்டுவிட்டு, கல்முனையில் வீட்டு மணலில் செவ்வரத்தைப் பூமரங்கள் நடத் தொடங்கினேன். பள்ளிவாசலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் உப்புக் கிணற்றுக்குத் தாக்குப்பிடித்தது அதுதான்.

மஞ்சள் பூவின் மகரந்தத்தைக் கோழி இறகால் வெள்ளைப் பூவில் தடவினேன். அந்த விதையில் வந்த கன்றொன்று யாரிடமும் இல்லாத பூவைப் பூத்தது. காலையில் வெள்ளை, பின்னேரம் அசர் தொழுகைக்குள் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு.

சொறிக்கல்முனையிலிருந்து வரும் விவசாய உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, மூத்தவரைக் கூப்பிடும் முறையில் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"காக்கா, ஒரு பூவக் கண்டவுடன புது இனமெண்டு பதிய ஓடி வராதீங்க. கம்பு வெட்டி நட்டு, அதுகளும் இப்பிடியே பூக்குதா எண்டு பாருங்க. பூத்தா உடனே வாங்க. அதுக்குள்ள வெளி ஆக்கள்ட கைக்குப் போனா அது புதுசில்ல."

கம்புகளும் அப்படியே பூத்தன. பதிவதற்கு ஒரு பேர் வேண்டும். என் மனதில் இருந்தது மனைவியின் பேர். எங்கள் ஊரில் பெண்சாதியின் பேரை வெளியில் சொல்வது வழக்கமில்லை. நானே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளிடம் கேட்டேன்.

"என்ன கதை கதைக்கீங்க? என்ட பேரச் சட்டியில ஒட்டி ரோட்டுல வெச்சி விக்கவா? வாற ஆம்புளையெல்லாம் 'அவவில ரெண்டு தாங்க' எண்டு கேப்பானுகள்!" என்று சிரித்தாள். சம்மதிக்கவில்லை.

அவள் மனம் மாறட்டும் என்று ஒரு மாரி முழுக்க இருந்தேன். அதற்குள் பெருநாளைக்குக் கொழும்பிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சில கம்புகள் கேட்டார். விருந்தாளிக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாரியும் கழிந்து ஒரு நாள் அவளே, "சரி, வெச்சிக்கோங்க. கிழவிட பேர ஆரு கேக்கப்போறா" என்றாள்.

அன்றே உத்தியோகத்தரிடம் போனேன்.

"பிந்திட்டீங்க காக்கா. இது கொழும்பில விக்கிது. பேரும் பதிஞ்சாச்சி."

"என்ட மரம், தம்பி."

"ஓம். பதிஞ்சது அவங்க."

திரும்பி வரும்போது முற்றத்தில் அவளுடைய மதினிமார் இருந்தார்கள். பூவுக்குத் தன் பேர் வைக்கப்போவதைச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவள் வெட்கத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

மதினி ஒருத்தி எழும்பிப்போய்ப் பூவைத் திருப்பிப் பார்த்தாள்.

"எலா, இது கொழும்பு ராணியல்லவா? என்ட மகள்ட வீட்டிலயும் இரிக்கி!"

மனைவி மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"மதினி, தேத்தண்ணி ஊத்தவா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.